படத்தில் சிவப்பு வந்தால் பார்வை போய்விடுமா?



சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. பேரா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாய் எழுதியது. அவருடைய மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். இவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வு. எட்டு வயதிலிருந்தே கண்ணாடி போடுகிற பிள்ளை. இப்போது பவர் 800. புதுக் கண்ணாடி வாங்கப் பட்டணத்துக்குப் போனபோது, கடையில் “கண்ணுக்குள் படம் எடுத்துத் தருகிறோம், காசு வேண்டாம்” என்றிருக்கிறார்கள். இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்த காகிதத்தில் இரண்டு கண்ணுக்கும் சிவப்புக் கட்டம். “நரம்பு மெலிந்திருக்கிறது. குளுகோமாவாக இருக்கும். இப்படியே போனால் பார்வை போய்விடும்” என்று அங்கிருந்தவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தத் தாய் எழுதுகிறார்: “அன்று முதல் எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கதி, படித்தது போதும் என்கிறார் என் மாமியார். பிள்ளை இரவில் விளக்கை அணைத்துவிட்டு அழுகிறாள். படிப்பை நிறுத்திவிடட்டுமா? கண்ணாவது மிஞ்சுமே.”

கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பத்திரிகை வரும்வரை காத்திராமல் அன்றைக்கே தபாலில் பதில் எழுதினேன். “படிப்பை நிறுத்த வேண்டாம். அந்தக் காகிதத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கண் நிபுணரிடம் போங்கள்” என்பதுதான் பதில். ஏன் அப்படி எழுதினேன் என்பதை இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏனென்றால் கண்ணாடி போடாத பிள்ளை இருக்கும் வீடு இப்போது குறைந்துகொண்டே வருகிறது. கோம்பாக் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில், 7 வயதில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இருந்த கிட்டப் பார்வை, 15 வயதில் நூற்றுக்கு 34 பேருக்கு இருந்தது. சிங்கப்பூரில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் தேசிய சேவைக்குச் சேர்ந்த இளைஞர்களைப் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இருந்தது. நம் இந்தியப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர்.

கண் நீண்டுபோகிறது

கிட்டப் பார்வை என்றால், கிட்டே இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். இது நமக்குத் தெரிந்ததுதான். கண் ஏன் அப்படி ஆகிறது? பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். கிட்டப் பார்வைக்காரருக்கு அது இன்னும் நீண்டு வளர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் 250 முதல் 300 வரை ஏறும். பவர் 800 உள்ள பிள்ளையின் கண் 27 மில்லிமீட்டரைத் தொட்டிருக்கும். சீட்டில் மைனஸ் 8.00 என்று எழுதியிருப்பதைத்தான் நாம் 800 என்கிறோம். 600க்கு மேல் போனால் அதைக் கூடிய கிட்டப் பார்வை என்று மருத்துவர்கள் தனியே கவனிப்பார்கள்.

பலூனை ஊத ஊத அதன் தோல் மெலிகிறதல்லவா? அதுபோல, கண் நீள நீள உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டிய மெல்லிய படலம். வெளியே இருக்கும் உருவம் விழுவது அதன்மேல்தான். கண்ணாடி போட்டால் உருவம் தெளிவாக விழும். ஆனால் நீண்ட கண் குட்டையாகிவிடாது. லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இதே கதைதான். கண்ணாடி போயிற்று, கண்ணின் நீளம் போகவில்லை. ஆகவே லேசர் செய்தவர்கள், எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் தங்கள் பழைய பவரைச் சொல்ல மறக்கக் கூடாது.

கத்தி படாமல் பட்டையின் கனம்

கண்ணுக்குள் எடுக்கும் படத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நேராக எடுக்கும் நிழற்படம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் கிளினிக்கில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும், அவ்வளவுதான். விழித்திரையும் இரத்தக் குழாய்களும் பார்வை நரம்பின் முனையும் அதில் தெரியும். கூடிய கிட்டப் பார்வைக்காரர் படத்தில் நரம்பு முனைக்குப் பக்கத்தில் பிறை போல வெளுத்திருக்கும். பின்னணியில் புலிக்கோடு போல வரிகள் தெரியும். நீண்ட கண்ணில் இவை அடிக்கடி காண்பவை. இவற்றைப் பார்த்த உடனே நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது வகையின் பெயர் ஓ.சி.டி. அந்தத் தாயிடம் இருப்பது இந்தக் காகிதம்தான். பால் வெட்டியவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். பட்டையில் எத்தனை அடுக்கு, பால் எந்த அடுக்கில், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று உங்கள் கைக்குத் தெரியும். ஆழம் கூடினால் மரத்தில் காயம். கத்தியே படாமல், வெளிச்சத்தை மட்டும் அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் அளந்து சொன்னால் எப்படி இருக்கும்? ஓ.சி.டி. அதைத்தான் விழித்திரையில் செய்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1991இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அதை உருவாக்கியவர்களில் மூவருக்கு 2023இல் லாஸ்கர் மருத்துவப் பரிசு கிடைத்தது. இது எக்ஸ்ரே அல்ல. ஊசி இல்லை, வலி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. கர்ப்பிணிப் பெண்களும் பயமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்பு எப்படி வருகிறது?

கருவி அளந்து முடித்ததும், அந்த அளவைத் தனக்குள் இருக்கும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுகிறது. நல்ல கண் உள்ள சில நூறு பேரை அளந்து வைத்த பட்டியல் அது. உங்கள் அளவு அவர்களோடு ஒத்திருந்தால் பச்சை. அவர்களில் மிகக் குறைந்த நூற்றுக்கு ஐந்து பேரின் அளவுக்குள் இறங்கினால் மஞ்சள். நூற்றுக்கு ஒருவரின் அளவுக்கு இறங்கினால் சிவப்பு. இதைக் கவனியுங்கள். நல்ல கண் உள்ள நூறு பேரை நிறுத்தினாலும், ஒரு கட்டத்தில் அவர்களில் ஒருவருக்குச் சிவப்பு விழத்தான் செய்யும். காகிதத்திலோ கட்டங்கள் பல.

அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் கண், அல்லது கொஞ்சம் பவர். 800, 1000 உள்ளவர்கள் அதில் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. நடுத்தர உயரத்துக்காரர்களை அளந்து தைத்த சட்டையை ஆறடிப் பையனுக்குப் போட்டால் கை குட்டையாகத்தான் நிற்கும். அதற்காகப் பையனுக்கு நோய் என்று சொல்வோமா?

இன்னொரு காரணமும் உண்டு. விழித்திரையின் நரம்பு இழைகள் நாலா பக்கமிருந்தும் வந்து பார்வை நரம்பின் முனையில் கூடுகின்றன. ஓடைகள் கூடுமிடத்தில் தண்ணீர் ஆழம். தள்ளிப் போனால் ஆழம் குறைவு. கருவி அந்த முனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்தின்மேல் இழைகளின் கனத்தை அளக்கிறது. சாதாரணக் கண்ணில் அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். நீண்ட கண்ணிலோ வட்டம் பெரிதாகி முனையை விட்டுத் தள்ளி விழுகிறது. தள்ளி அளந்தால் மெல்லிசாகத்தானே இருக்கும்? மேலும், கனமான இழைக்கட்டு இரண்டும் நீண்ட கண்ணில் நெற்றிப்பொட்டுப் பக்கமாக இடம் மாறியிருக்கும். கருவி வழக்கமான இடத்தில் தேடுகிறது; அங்கே இல்லை என்றதும் சிவப்பைப் போட்டுவிடுகிறது. ஆள் வீடு மாறியிருக்க, பழைய லயத்தில் போய்க் கதவைத் தட்டிவிட்டு “ஆளைக் காணோம்” என்று எழுதிக்கொடுப்பது போன்றது இது. கண் மருத்துவர்களே இந்தப் பொய்ச் சிவப்பைச் “சிவப்பு நோய்” என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இமை கொட்டினாலும், கண் வறண்டிருந்தாலும், பூ விழுந்திருந்தாலும் படம் கெடும். அதனால் ஒவ்வொரு காகிதத்திலும் படத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பெண் அச்சாகியிருக்கும். அதைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பது சரியல்ல.

அப்படியானால் கிழித்துப் போடலாமா?

கூடவே கூடாது. இதைத்தான் நான் இரண்டாவதாக வற்புறுத்துகிறேன். கிட்டப் பார்வைக்காரர்களுக்கு உண்மையான குளுகோமா வரும் வாய்ப்பும் கூடுதல்தான். ஆஸ்திரேலியாவில் 49 வயதுக்கு மேற்பட்ட 3,654 பேரைப் பார்த்து 1999இல் வெளியான ஆய்வில், கிட்டப் பார்வை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு என்று கண்டார்கள். குளுகோமா வலிக்காமல், ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பார்வையைத் தின்னும் நோய். போன பார்வை திரும்பாது. “எல்லாம் கருவியின் கோளாறு” என்று ஒதுக்கிவிட்டால் உண்மையான நோய் நுழைவதும் தெரியாமல் போகும்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போமே, அதுதான் வழி. ஒரு கோட்டைப் பார்த்தால் பிள்ளை வளர்கிறதா என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு கோடு போட்டால் தெரியும். அதுபோல, இன்றைய காகிதத்தை அடுத்த காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் உள்ள யாரோ ஒருவரோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் கண்ணை உங்கள் கண்ணோடேயே ஒப்பிடுவது மேல். அளவு அப்படியே நின்றால் அது அந்தக் கண்ணின் அமைப்பு. இறங்கிக்கொண்டே போனால் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காகிதம், சிவப்பாக இருந்தாலும், பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய காகிதம்.

படம் ஒன்றை மட்டும் வைத்து யாரும் குளுகோமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கண்ணின் அழுத்தம் பார்க்க வேண்டும். ஓரப் பார்வைச் சோதனை செய்ய வேண்டும். நரம்பு முனையை மருத்துவர் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்ததுதான் தீர்ப்பு.

படம் காணாத இடம்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிவப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைவிட, பச்சையைப் பார்த்துத் தூங்கிவிடுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம்.

என் உறவினர் ஒருவர் பால் வெட்டியே முடி நரைத்தவர். சிறு வயது முதல் பவர் 700. இனிப்புநீரும் உண்டு. ஒரு தடவை கிளினிக்கில் படம் எடுத்து, “கண்ணில் இனிப்புநீர்ப் பாதிப்பு இல்லை” என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னது உண்மைதான். ஒரு மாதம் கழித்து, விடிகாலை மரத்தடியில் நிற்கும்போது கண்ணோரத்தில் மின்னல் மின்னல் போல வெட்டியது. நெற்றி விளக்கின் பேட்டரி சரியில்லை என்று எண்ணிப் பேட்டரியை மாற்றினார். மறுநாள் கண்முன் கொசுக்கூட்டம் போல் கறுப்புப் புள்ளிகள். கையால் விரட்டினார். “போன மாதம்தானே படம் எடுத்தார்கள், கண் நல்லாத்தான் இருக்கு” என்று இரண்டு வாரம் ஓட்டினார். பிறகு கீழிருந்து கறுப்புத் திரை ஏறியது. விழித்திரை கிழிந்து, சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. அறுவை செய்து ஒட்டினார்கள். பார்வை கொஞ்சம் வந்தது. ஆனால் நேராக நிற்கும் மரவரிசை இன்றும் அவருக்கு வளைந்தே தெரிகிறது.

முதல் நாளே போயிருந்தால், கிழிசல் மட்டும் இருக்கும்போதே லேசரால் சுற்றிலும் தைத்ததுபோல் அடைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கிளினிக் படம் ஏன் இதைக் காட்டவில்லை? வழக்கமான நிழற்படமும் ஓ.சி.டி.யும் விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் எடுக்கின்றன. கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில் விழும். ஓரம் வரை விரிந்த படம் எடுக்கும் கருவிகளும் உண்டு. என்றாலும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரித்து மருத்துவர் சுற்றிலும் பார்ப்பதற்கு அது முழு ஈடாகாது. 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பவர் 100 முதல் 300 வரை உள்ளவர்களுக்கு விழித்திரை கழலும் வாய்ப்பு நான்கு மடங்கு, 300க்கு மேல் பத்து மடங்கு என்று கண்டது. பத்து மடங்கு என்றதும் நடுங்க வேண்டாம். பொதுவாக ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய்தான் அது. நடுக்கம் வேண்டாம், நினைவு வேண்டும்.

ஆகவே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக மின்னல் வெட்டு, திடீரென்று கறுப்புப் புள்ளிக் கூட்டம், எந்தப் பக்கத்திலிருந்தாவது திரை; இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேர்க்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தாலும் அப்படியே. கூடிய கிட்டப் பார்வையில் விழித்திரையின் நடுவில் புது இரத்தக் குழாய் முளைத்துக் கசிவதுண்டு. ஓ.சி.டி. அந்தக் கசிவை நன்றாகக் காட்டும்; சீக்கிரம் போனால் ஊசி மருந்தால் அடக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது

பழைய கண்ணாடிச் சீட்டு, பழைய படக் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குள் போடும் காண்டாக்ட் லென்சைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அரை நாளில் முடியாது. முதல் நாளே கிராணியிடம் சொல்லி முழு நாள் விடுப்பு எடுங்கள்.

அங்கே கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். “படம் தெளிவாக விழுந்திருக்கிறதா? இந்தப் பவருக்கு இந்தச் சிவப்பை நம்பலாமா? ஓரம் முழுவதும் பார்த்தாயிற்றா? அடுத்தது எப்போது வர வேண்டும்?” தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தப்பில்லை. பவர் 600க்கு மேல் உள்ளவர்கள், குறை ஒன்றும் தெரியாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணை விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு சொல். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். கிட்டப் பார்வை அங்கே நூற்றுக்கு 3, இங்கே 29. நம் தோட்டத்துத் திடல் பணக்காரப் பிள்ளைக்கும் கிடைக்காத மருந்து. மாலையில் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் திடலுக்கு விரட்டுங்கள்.

இரண்டாவது கடிதம்

பத்திரிகை அச்சுக்குப் போகும் வேளையில் அந்தத் தாயிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. நிபுணர் பார்த்திருக்கிறார். அழுத்தம் சரி. ஓரப் பார்வை சரி. ஓரத்தில் கிழிசல் இல்லை. “இப்போது குளுகோமா என்று சொல்ல ஒன்றுமில்லை. இது நீண்ட கண், ஆறு மாதம் கழித்து வா, ஒப்பிட்டுப் பார்ப்போம்” என்றாராம். பழைய காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டாராம்.

பாட்டி இன்னும் முழுதாக நம்பவில்லையாம். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், சகோதரி. படித்ததால் அந்தக் கண் ஒரே நாளில் கெடவில்லை. படிப்பை நிறுத்துவதால் நீண்ட கண் குறுகப் போவதும் இல்லை. இடையிடையே எழுந்து வெளியே நடக்கட்டும், ஆறாம் மாதம் தவறாமல் மருத்துவரிடம் போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். தேர்வு முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காகிதம் கிடந்தால் இன்றைக்கே தேடி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.